ஆணம் இறங்கட்டும்

"ஒன்ட கைக்குப் பால் நிக்காது, புள்ள."

மாமி இதை முதல் தடவை சொன்னபோது அடுப்படி நிறையப் பெண்கள் இருந்தார்கள். நோன்புப் பெருநாள் காலை. நான் புதுச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டு, அகப்பைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த வருஷம் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்திருந்தேன். கேட்டது எதுவும் கிடைக்கும் என்ற நினைப்பில் திரிந்த காலம். மாமி அகப்பையைத் தரவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. பானைக்குள் பார்த்தபடியே, முன்கூடத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். உம்மாவும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பால் நிற்பது என்றால், தேங்காய்ப் பாலில் ஆக்கும் பாலாணம் என்ற குழம்பு திரையாமல் அடுப்பை விட்டு இறங்குவது. எங்கள் ஊரான எத்தாளையில், எங்கள் குடும்பத்தில் பெருநாள் பகலுக்கு நெய்ச்சோறும் இறைச்சியும் எவ்வளவு இருந்தாலும், பாலாணம் இல்லாமல் சஹன் வைக்கமாட்டார்கள். பெரிய தட்டம் ஒன்றில் சோற்றைக் குவித்து, சுற்றியிருந்து ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடுவது சஹன். ஆணத்தை அதன் மேல் ஊற்றினால் ஒரே மஞ்சளாக, வழுவழுவென்று சோற்றுக்குள் இறங்க வேண்டும். கட்டி இருந்தாலும், எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்திருந்தாலும், ஆறு பேரும் ஒரே நேரத்தில் கண்டுவிடுவார்கள். வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். விரல்கள் மட்டும் அந்தப் பக்கத்தை விட்டு மெல்ல விலகிப் போகும். ஆக்கியவளுக்கு அது போதும்.

மாமியின் ஆணம் திரைந்து யாரும் கண்டதில்லை.

மாமி என் உம்மாவின் மூத்த நானாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, மனைவி. ஒரே வளவுக்குள் முன்னால் மாமாவின் பெரிய வீடு, பின்னால் எங்கள் வீடு. மாமாவுக்கு வெங்காயத் தோட்டமும் மீன்பிடிப் போட்டும் இருந்தன. அந்தப் போட்டில்தான் வாப்பா கடலுக்குப் போனார். அதனால் மாமா ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் கதை இல்லை. மாமிக்குப் பெண்பிள்ளை கிடையாது. இரண்டு மகன்மாரும் கட்டாரில் இருந்தார்கள். பெருநாள் வந்தால் மாமாவின் சொந்தக்காரரும் வியாபாரச் சினேகிதர்களும் கற்பிட்டியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வந்து இறங்குவார்கள். அத்தனை பேருக்கும் பாலாணம் மாமியின் ஒரு கைதான்.

முந்திரிப் பருப்பையும் கசகசாவையும் அரைக்கிறபோது மாமி அம்மியை விட்டு எழும்பவேமாட்டார். அரைத்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். மணல்போல ஏதாவது தட்டுப்பட்டால் திரும்ப அம்மிக்குத்தான். அதை ஆறின இரண்டாம் பாலில் கரைத்துத்தான் பானையில் விடுவார். கொதிக்கிற பாலில் நேரே போட்டால் கட்டிபட்டுவிடும். வெங்காயம், பச்சைமிளகாய், ரம்பை, கறிவேப்பிலை எல்லாம் அதில் வெந்த பிறகுதான் முதல்பால். முதல்பால் விழுந்த நிமிஷத்தில் எரிகிற தென்னை மட்டையை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துவிட்டு அகப்பையைக் கையில் எடுப்பார். கிளறமாட்டார். அள்ளி உயர்த்தி ஊற்றுவார். திரும்ப அள்ளுவார். அந்த நேரத்தில் அவரைத் தொட்டுக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். எலுமிச்சம்பழம் யன்னல் விளிம்பில்தான் இருக்கும். பானை இறங்குவதற்கு முன்னால் அது அடுப்பங்கரைக்கு வரக்கூடாது என்பது அந்த அடுப்படியின் சட்டம். புளி சூட்டில் விழுந்தால் பால் நிற்காது.

"மாமி, கொழும்பு மாமா வந்திரிக்கிறாரு, ஒங்களத் தேடுறாரு."

"ஆணம் எறங்கட்டும்."

"மாமி, எல்லாரும் போட்டோ எடுக்கப் போறாங்க, வாங்க."

"ஆணம் எறங்கட்டும்."

எங்கள் குடும்பத்துப் பெருநாள் போட்டோ ஒவ்வொரு வருஷமும் இருக்கிறது. ஒன்றிலும் மாமி இல்லை. ஒன்றில் மட்டும், முன்கூடத்துக் கதவுக்குப் பின்னால், ஆவிக்குள் ஒரு முழங்கை தெரியும்.

நாளடைவில் எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாகிவிட்டது. கண் பார்வை மங்கிப்போனது, புத்தளத்துக்குப் போய்க் காட்டுவோம் என்றால், ஆணம் எறங்கட்டும். சிலாபத்தில் இருக்கிற தங்கச்சி வரச்சொல்லிச் சொல்லி அனுப்பினால், ஆணம் எறங்கட்டும். அடுப்பில் ஆணம் இல்லாத நாளிலும் அப்படித்தான் சொல்வார். பெருநாளைக்கென்று மகன்மார் அனுப்புகிற சாரிகளும் அப்படித்தான் அலுமாரிக்குள் போயின. "ஏன் மாமி புதுசு உடுக்கல்ல?" என்று யாராவது கேட்டால் பழைய சாரியின் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அதே பதில். ஆணம் இறங்கி, சஹன்கள் எழும்பி, சட்டி பானை கழுவி முடிகிறபோது பின்னேர அஸர் தொழுகைக்கு நேரமாகிவிடும். அதற்குப் பிறகு யாருக்குக் காட்ட உடுப்பது?

மனிதர்களிடமும் மாமிக்கு அதே கைதான். எதையும் திரைய விடமாட்டார்.

ஒருமுறை வலை கிழிந்ததற்காக மாமாவும் வாப்பாவும் வளவுக்குள் நின்று சத்தம் போட்டுக்கொண்டார்கள். இனி உங்கள் போட்டில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று வாப்பா சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த நாள் விடிய மாமி தேத்தண்ணீரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அவரு ராவைக்குத் தூங்கவேயில்ல. ஒங்களத்தான் சொல்லிச் சொல்லி இருந்தாரு."

வாப்பாவின் முகம் இளகிவிட்டது. அங்கே போய் மாமாவிடம், தம்பி அழுகிறார் என்று சொன்னாராம். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து வலை பொத்தினார்கள். நான் மாமியை வழிமறித்தேன்.

"மாமா குறட்ட விட்ட சத்தம் எங்கட ஊட்டுக்கே கேட்டிச்சே மாமி?"

"குறட்ட விடுற மனிசனுக்குக் கவல இரிக்காதா? நீ போய்ப் பாடத்தப் படி."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வலையைக் கிழித்தது யாருடைய பிழை என்று யாரும் பிறகு கேட்கவேயில்லை. பிழை வாப்பாவுடையது அல்ல என்பது எனக்குத் தெரியும். மாமியின் ஆணத்தில் கட்டி கரைவதுபோல அது கரைந்துபோனது. வாப்பா திரும்பவும் அதே போட்டில், அதே கூலிக்கு.

இன்னொரு பெருநாளில் ஆணத்தை இறக்கும்போது பானை சரிந்து மாமியின் முழங்கையில் கொட்டிவிட்டது. அடுப்படியில் இருந்த எங்களுக்குக்கூடத் தெரியாது. சாரித் தலைப்பைக் கையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, எல்லாச் சஹனுக்கும் ஆணம் அனுப்பினார். வந்தவர்களுக்கு ஸலாம் சொன்னார். பின்னேரம் கிணற்றடியில் அவர் கையைக் கழுவுகிறபோதுதான் கொப்புளத்தைக் கண்டேன்.

"எப்ப மாமி இது?"

"பகல் லுஹர் தொழுகைக்கு முந்தி."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ஆரு புள்ள சோறு திம்பாங்க?"

அன்று எனக்கு மாமியைப் பார்க்கப் பயமாக இருந்தது. வலியைக்கூட இவ்வளவு வழுவழுப்பாக ஆக்கிவைத்திருக்கிறாரே என்ற பயம்.

அவரிடம் ஒரு பகிடிக் கதை இருந்தது. பெண்கள் கூடி வெங்காயம் உரிக்கும்போது யாராவது அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். சிலாபத்தில் மாமியின் வீட்டுக்கு மாமாவின் குடும்பம் ஏதோ அலுவலாக வந்திருந்த நாள். வீட்டில் பெரியவர்களுக்குச் சுகமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மாமி, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே அகப்பையைப் பிடித்திருக்கிறார். ஆணம் நின்றுவிட்டது. சாப்பிட்டவர்கள் கையைக் கழுவ முன்னமே பெண் கேட்டுவிட்டார்கள்.

"என்னையவா பாத்தாங்க? ஆணத்தத்தானே பாத்தாங்க!" என்று முடிப்பார் மாமி. "சட்டையில மஞ்சள் பட்டுட்டெண்டு நான் அழுதுட்டு நிக்கிறேன். நாளைக்கு டீச்சர் ஏசுவாவே எண்டு. நாளைக்கு ஏது பள்ளிக்கொடம்!"

எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். வெங்காயம் உரிக்கும்போது சொல்வதற்குத் தோதான கதை அது.

ஒவ்வொரு பெருநாளும் யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "இவளயும் கொஞ்சம் பழக்கினா என்ன? கொமரு வளந்துட்டாளே" என்பார்கள். உடனே மாமி தலையை ஆட்டுவார். "இவட கைக்கா? பால் நிக்காது. இவள அங்கால போகச் சொல்லுங்க, பானைக்குக் கிட்ட வேணாம்." நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்வளவு முருங்கைக்குக் கீழே போய் இருப்பேன். பெருநாள் சத்தம் முழுக்க முன்பக்கம் இருக்க, நான் கணக்குச் செய்துகொண்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டியவள் நான்தான். உயர்தரத்துக்குக் கற்பிட்டிக்குப் போய் வந்தவளும் நான்தான். எனக்கு ஒன்று வராது என்று யாரும் சொன்னதில்லை, மாமியைத் தவிர.

அதனால் களவாகப் பழகினேன். உம்மா வீட்டில் இல்லாத பகல்களில் சின்னச் சட்டியில் ஒரு தேங்காயைப் பிழிந்து ஆக்கிப் பார்ப்பேன். திரைந்ததைக் கோழிக்கு ஊற்றிவிடுவேன். மாமியின் கை எந்த உயரத்தில் திரும்புகிறது, மட்டையை எப்போது இழுக்கிறார், எப்போது மூச்சை விடுகிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருநாள் சட்டியில் பால் நின்றது. அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது.

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்கு நிச்சயம் என்று ஆசிரியர்கள் சொன்ன வருஷம். நோன்புப் பெருநாளன்று மாமிக்குக் காய்ச்சல். மணிக்கட்டும் வீங்கியிருந்தது. முதல்பால் விழுகிற நேரத்தில் அகப்பை அவர் கையிலிருந்து நழுவிப் பானைக்குள் விழுந்தது.

"ஒங்கட உம்மாவக் கூப்பிடு" என்றார்.

"நான் பாக்குறேன் மாமி."

"வேணாம் புள்ள. உம்மாவக் கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை. அகப்பையை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்தார். அவருடைய பிடியில் பலம் இருக்கவில்லை. நான் அள்ளி ஊற்றத் தொடங்கினேன்.

அந்த ஆணம் நின்றது. அவருடையதைவிட நன்றாக நின்றது என்றுகூடச் சொல்வேன். சஹனில் இருந்தவர்கள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். கற்பிட்டியில் கடை வைத்திருக்கும் மாமாவின் சினேகிதர் ஒருவர், "இண்டைக்கு ஆரு ஆக்கின?" என்று கேட்டார். மாமா என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். நிமிர்ந்து நின்றேன்.

"மாஷா அல்லாஹ்! இனி நமக்குக் கவலயில்ல" என்றார் மாமா.

திரும்பி அடுப்படிக்கு வந்தபோது மாமி சுவரில் சாய்ந்திருந்தார். அகப்பையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா நிண்டிரிக்கி" என்றார். சாவு விழுந்த மையித்து வீட்டில் சொல்கிற குரலில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பொறாமை என்று நினைத்தேன்.

நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்சக் காலத்தில் எல்லாம் நடந்தது. கடைக்காரர் தன் மகனுக்கு என்னைக் கேட்டார். பல்கலைக்கழகத்திலிருந்தும் அனுமதிக் கடிதம் வந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு மடித்து உம்மாவிடம் கொடுத்தார்.

"படிச்சது போதும். இதுக்கு மேல படிச்சா மாப்புள்ள எங்க தேடுற? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவங்க குடும்பத்தோட வாறாங்க. அண்டைக்கே பேச்ச முடிப்பம். பால் நீதான் மகள். அவங்கட பொம்புளையள் ஒன்ட கையப் பாக்க ஆசப்படுறாங்க."

உம்மா தரையைப் பார்த்தார். வாப்பா, "மாமா சொன்னாச் சரிதானே" என்றார். அவருக்குக் கடலுக்குப் போக வேறு போட் இல்லை.

அந்த நாட்களில் வளவின் வேலி எனக்குக் கிட்டக் கிட்ட வந்ததுபோல இருந்தது. கேற்றடிக்குப் போனால், எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். புத்தகத்தைக் கையில் எடுத்தால், இனி என்னத்துக்கு என்று சிரித்தார்கள். பதிவுக்குப் போக வேண்டிய நாள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த கிழமை. வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. எல்லாரும் அன்பாகவே இருந்தார்கள். அன்பாக இருப்பவர்களைத் தள்ளிவிட்டுப் போக எந்தப் பக்கத்தில் வழி என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா முறையான ராத்தா ஒருத்தி வந்து எனக்கு மருதாணி வைக்கிறபோது, கை என்னுடையதுபோலவே இருக்கவில்லை.

மாமா சொல்வதை மாற்றக்கூடியவர் மாமி ஒருவர்தான். போய்க் காலடியில் இருந்தேன்.

"மாமாட்ட கதைங்க மாமி. வலப் பிரச்சினைக்குக் கதச்ச மாதிரி. ஏதாவது ஒரு பொய்யச் சொல்லுங்க."

மாமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆணம் எறங்கட்டும், புள்ள."

நான் எழும்பி வந்துவிட்டேன். இந்த மனுஷி வாழ்க்கையில் ஒன்றையும் திரைய விடமாட்டார், என்னையும் இதற்குள் கரைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரை வெறுத்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் முன்கூடத்துக் கதிரையில் அடுப்படிக் கதவு தெரிகிற மாதிரி இருந்தார். மாமி எனக்கு எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தித் தந்தார். அம்மியில் அரைத்தது, இரண்டாம் பாலில் கரைத்தது, எல்லாம் அவர். நான் முதல்பாலை விட்டேன். அகப்பையை எடுத்தேன். அள்ளி ஊற்றினேன். என் கைக்குப் பால் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பால் நிற்கும்போது அகப்பையில் தெரிகிற அந்த நிறை நடுவிரலில் வந்துவிட்டது.

அப்போது மாமி கையைக் கழுவினார்.

"நான் உடுப்பு மாத்திட்டு வாறேன்" என்றார்.

எத்தனை பெருநாளாக அந்த அடுப்படியைப் பார்த்திருக்கிறேன். பால் அடுப்பில் இருக்கும்போது மாமி வாசற்படியைத் தாண்டி நான் கண்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. யன்னல் விளிம்பிலிருந்து வெட்டிய எலுமிச்சம்பழப் பாதியை எடுத்து, அடுப்பங்கரையில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். காலால் மட்டையை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு போய்விட்டார்.

வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டு அழுதுகொண்டு நின்ற பிள்ளை எனக்குத் தெரிந்தாள். அந்தப் பகிடிக் கதைக்கு இத்தனை வருஷம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பானைக்குக் கிட்ட வேணாம், அங்கால போகச் சொல்லுங்க என்று ஒவ்வொரு பெருநாளும் யாருக்குக் கேட்கச் சொன்னார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆனாலும் என் கை மறுத்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பால் அவ்வளவு அழகாக நின்றுகொண்டிருந்தது. வெளியே அத்தனை பேர். எனக்குத் தெரியும் என்று எல்லாரும் பார்த்துவிட்ட ஒன்றை, எனக்குத் தெரியாது என்று ஆக்க வேண்டும். பரீட்சையில் சரியான விடையை எழுதிவிட்டு நானே வெட்டிப் பிழையை எழுதுவதுபோல. தீ மேலே ஏறியது. பானையின் ஓரம் துடிக்கத் தொடங்கியது. மட்டையை இழுத்தால் இன்னமும் காப்பாற்றலாம்.

எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் ஒரு பொட்டு. பிறகு பானை முழுக்கத் தயிர்போலப் பூத்து, மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம், வெள்ளைத் திரள் ஒரு பக்கம். உம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்!" என்று தலையில் கை வைத்தார். முன்கூடத்துப் பெண்கள் எழும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயும் வந்து எட்டிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் மாமி உள்ளே வந்தார். பச்சை நிறத்தில் புதுச் சாரி. அதற்குரிய சட்டை ஒருநாளும் தைக்காததால் பழைய கறுப்புச் சட்டைக்கு மேலேயே உடுத்திருந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மாமி இவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

"நான் எத்தின வருஷமாச் சொல்றேன்! இவட கைக்குப் பால் நிக்காது, நிக்காது எண்டு! போன பெருநாளைக்கு நான் ஆக்கி வெச்சத்துல அகப்பையப் புடிச்சிட்டு நிண்டவ இவ. நீங்க எல்லாரும் சேந்து தலைக்கு ஏத்திட்டீங்க!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் உண்மையாகவே வந்தது. அதற்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், கலியாணப் பேச்சு வைக்கிற நாளில் அந்த வீட்டில் பால் திரைந்தால் பேச்சை எடுக்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் மெதுவாகச் சொன்னார், "பெருநாளும் அதுவுமாப் பால் திரஞ்சிரிக்கி. இண்டைக்குக் கதைக்க வேணாம். பொறகு பாப்பம்." அவர்கள் இறைச்சியோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் 'பொறகு' வரவேயில்லை.

மாமா சில நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஆணம் ஆக்கவும் தெரியாது. எங்கயாவது போய்ப் படிச்சாவது தொலையட்டும்" என்றார். வாப்பா அன்றே என் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார்.

மாமி அந்தப் பச்சைச் சாரியை அன்றைக்கே மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். திரைந்த பானையைத் தேய்த்துக் கழுவியவரும் அவர்தான். நன்றி சொல்லப் போனேன். "என்னத்துக்கு? கரிச்சட்டிய எடு அங்கால" என்றார்.

இப்போது நான் புத்தளத்தில் கணித ஆசிரியை. வாடகை வீடு. ஊருக்குப் போனால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். "டீச்சர் எல்லாக் கணக்கும் செய்வா, பால் மட்டும் நிக்காது." பிழை என்று சொன்னால் பொறுக்காத நான், இதற்கு மட்டும் சேர்ந்து சிரிக்கிறேன். நான் அந்த வளவைத் தாண்டியதற்கு விலை என் பெயரில் ஒரு திரைந்த பானை. அது எனக்குக் கூடின விலை இல்லை. ஆனால் நான் விட்டுவந்த அகப்பை இன்னமும் ஒரு கையில் இருக்கிறது. வீங்கிய மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மாமி இன்னமும் அள்ளி ஊற்றுகிறார்.

அண்மையில் போயிருந்தபோது, நான் வாங்கிப்போன சாரியை வைப்பதற்காக மாமி அலுமாரியைத் திறந்தார். கடைக்காரர்கள் போட்ட மடிப்புக் கலையாமல் ஒரு அடுக்கு.

"இதெல்லாம் எப்ப மாமி உடுக்கப் போறீங்க?"

"ஆணம் எறங்கட்டும்."

மாமி அஸர் தொழப் போனார். நான் மேலே இருந்த என் சாரியையும், அளவுக்கு அவருடைய கறுப்புச் சட்டையையும் எடுத்து, மாணவர்களின் விடைத்தாள்களுக்குக் கீழே வைத்துப் பையை மூடினேன். பஸ் ஏறிவிட்டேன். இரவு மாமியின் போன் கோல் வந்தது.

"புள்ள, மேல இருந்த சாரியக் காணல்ல."

"இங்க இரிக்கி மாமி."

"அங்க என்னத்துக்கு?"

"பெருநாளைக்கு நீங்க இங்க வந்து உடுக்க."

"பைத்தியமா ஒனக்கு? பெருநாளண்டு நான் எங்க வாற? பால் ஆரு பாக்குற?"

"இங்க நான் பாக்குறேன்."

"அப்ப இங்க ஆரு பாக்குற?"

"ஒருத்தரும் பாக்க வேணாம். ஒரு பெருநாளைக்கு எல்லாரும் இறைச்சியோட திங்கட்டும். அண்டைக்கும் திண்டாங்கதானே?"

அதற்குள் மாமா போனை வாங்கிவிட்டார்.

"என்ன மகள் இது? ஒன்ட கைக்கா பால்?" என்று சிரித்தார்.

நிற்கும் என்று நான் சொல்லவில்லை. "நீங்களும் வாங்க மாமா. வந்து பாருங்க" என்றேன்.

மாமி வருவேன் என்று இன்னமும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எத்தாளைச் சந்தியில் நிற்கும் திரீவீலர்க்காரருக்குச் சொல்லியாயிற்று. பெருநாளுக்கு முந்தின நாள் மாமாவின் கேற்றடிக்குப் போய், மாமி வெளியே வரும்வரைக்கும் நிற்பார். முந்திரியும் கசகசாவும் வாங்கிவைத்துவிட்டேன். சாரியோடு வந்த சட்டைத் துணியை, கறுப்புச் சட்டையின் அளவோடு பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்தேன். நேற்று அவர் துணியை வெட்டிவிட்டார்.